உழைப்பது திரவப் படிகம், பெயர் எல்.இ.டி.

1888-ஆம் ஆண்டு. பிராக் நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பிரெட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் ஒரு வெள்ளைப் பொடியைச் சூடாக்கினார். கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிரால் வகைப் பொருள்களை ஆராய்ந்துவந்தவர் அவர். கையில் இருந்தது கொலஸ்டிரைல் பென்சோயேட். 145.5 டிகிரியில் அது உருகியது. ஆனால் உருகிய திரவம் தெளியவில்லை, கலங்கலாக நின்றது. மேலும் சூடாக்கினார். 178.5 டிகிரியில் கலங்கல் சட்டென்று மறைந்து தெளிந்தது. ஒரு பொருளுக்கு ஓர் உருகுநிலை என்பதுதான் வேதியியல் பாடம். இதற்கு இரண்டு இருந்தன.

அசுத்தம் கலந்திருக்கும் என்று விட்டுவிடாமல், ஓட்டோ லேமன் என்ற இயற்பியலாளருக்கு அவர் கடிதமும் மாதிரியும் அனுப்பினார். பொருளைச் சூடாக்கியபடியே நுண்ணோக்கியில் பார்க்கும் வசதி லேமனிடம் இருந்தது. அந்தக் கலங்கல் திரவம் போல ஓடியது. ஆனால் ஒளியைப் படிகம் போலவே முறுக்கி அனுப்பியது. 1889-இல் லேமன் இதை ஓடும் படிகம் என்று எழுதினார். பின்னர் அது திரவப் படிகம் ஆயிற்று.

இந்தப் பெயரை அறிவியல் உலகம் எளிதில் ஏற்கவில்லை. ஒன்று திரவமாக இருக்க வேண்டும், அல்லது படிகமாக இருக்க வேண்டும், இரண்டுமாக எப்படி இருக்கும் என்று குஸ்தாவ் தம்மன் போன்ற பெரிய வேதியியலாளர்கள் எதிர்த்தார்கள். வெறும் பால்மக் கலவை என்றார்கள். வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1922-இல் பிரான்சின் ஜார்ஜ் ஃபிரீடெல் மூலக்கூறுகள் அணிவகுக்கும் முறையை வைத்து இவற்றை மூன்று வகையாகப் பிரித்துப் பெயரிட்ட பிறகுதான் குழப்பம் அடங்கியது. அவர் வைத்த பெயர்கள் இன்றைக்கும் நிலைத்திருக்கின்றன.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு தொழில்நுட்பச் சொல் இப்படித்தான் பிறக்கிறது. பொருள் முதலில் வருகிறது. பெயருக்காக அளவெடுப்பும் சோதனையும் சண்டையும் நடக்கின்றன. முப்பது ஆண்டுக்கு மேல் போராடிப் பெற்ற பெயரை, ஒரு விற்பனைப் பருவத்தில் அட்டைப்பெட்டியிலிருந்து அழித்துவிட முடிந்தது என்பதுதான் இந்தப் பொருளின் வாழ்க்கையில் நேர்ந்த அநியாயம்.

அந்த இடத்துக்கு வருவதற்கு முன் திரவப் படிகம் வெகுதூரம் நடந்தது. பல பத்தாண்டுகள் அது ஆய்வகங்களில் ஒரு விநோதப் பொருளாகவே கிடந்தது. 1960-களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் அதைக் கையில் எடுத்தது. பிரின்ஸ்டனில் இருந்த அதன் ஆய்வகத்தில் ரிச்சர்ட் வில்லியம்ஸ் மின்புலத்தில் திரவப் படிகம் கோலம் மாறுவதைக் கண்டார். அதே இடத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் அதைக் கொண்டு எண்களையும் உருவங்களையும் காட்டும் கருவியைச் செய்தார். 1968 மே மாதம் ஆர்.சி.ஏ. அதை நியூயார்க்கில் பத்திரிகையாளர்களுக்குக் காட்டியது. சுவரில் படம் போல மாட்டும் தொலைக்காட்சி என்ற கனவு அப்போதே பேசப்பட்டது. ஆனால் படக்குழாய் விற்பனையில் கொழித்துக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு அதில் பொறுமை இல்லை. ஆய்வு தளர்ந்தது.

அங்கே வேலை பார்த்த வொல்ஃப்காங் ஹெல்ஃபிரிக் தன் யோசனையோடு சுவிட்சர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். பாசல் நகரில் ஹாஃப்மன் லா ரோஷ் மருந்து நிறுவனத்தில் மார்ட்டின் ஷாட்டும் அவரும் சேர்ந்து 1970 டிசம்பரில் காப்புரிமை கேட்டார்கள். இன்றைய திரைகளுக்கெல்லாம் வழி திறந்த முறை அது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் திரவப் படிகம். வெளிப்புறம் இருபக்கமும், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற போலரைசர் தாள்கள், ஒன்றுக்கொன்று குறுக்காக. நடுவில் இருக்கும் மூலக்கூறுகள் படிப்படியாகத் திரும்பி நின்று ஒளியையும் கால்வட்டம் திருப்பிவிடுவதால் அது இரண்டாம் தாளையும் கடந்து வெளியே வருகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் நிமிர்ந்துகொள்கின்றன. ஒளி திரும்பாமல் வந்து தாளில் தடைபடுகிறது, அந்த இடம் கறுக்கிறது. ஆக, திரவப் படிகம் ஒளியை உண்டாக்குவதே இல்லை. ஜன்னல் கதவைப் போலத் திறந்தும் மூடியும் பின்னால் வருகிற ஒளியை அளந்து விடுகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், பின்னால் வந்த பெயர்க் குழப்பம் முழுவதும் விளங்கிவிடும்.

அறை வெப்பத்தில் கெடாமல் நிலைக்கும் திரவப் படிகத்தை இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே குழு 1970-களின் தொடக்கத்தில் தயாரித்தது. 1973-இல் ஷார்ப் நிறுவனத்தின் இ.எல்.-805 கால்குலேட்டர் வந்தது, ஒற்றைப் பேட்டரியில் நூறு மணி நேரம் ஓடியது. அதே ஆண்டு சீக்கோவின் எண் கடிகாரமும் வந்தது. தொலைக்காட்சிக்கு ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக ஒரு டிரான்சிஸ்டர் வேண்டியிருந்தது. வெஸ்டிங்ஹவுஸில் பீட்டர் பிராடி அதைச் செய்துகாட்டினார். ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தில் ஸ்பியரும் லெகோம்பரும் அதற்கு மலிவான சிலிக்கான் வழியைக் கண்டார்கள். 1988-இல் ஷார்ப் 14 அங்குல வண்ணத் திரையைக் காட்டியபோது சுவர் டி.வி. கனவு நிஜமாகத் தொடங்கியது.

நம் நாட்டின் பங்கும் இதில் உண்டு. நம்மவர்களில் பலருக்கு அது தெரியாதது எனக்கு வருத்தம். பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் சிவராமகிருஷ்ண சந்திரசேகர் தலைமையில் ஒரு குழு வேலை செய்தது. சர் சி.வி. ராமனின் சகோதரி மகன் அவர். அதுவரை திரவப் படிகம் என்றால் குச்சி வடிவ மூலக்கூறுகள்தான். தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாக அணிவகுக்கும் என்று சந்திரசேகரும் சதாசிவாவும் சுரேஷும் 1977-இல் ‘பிரமாணா’ இதழில் எழுதினார்கள். இருபது ஆண்டுக்குள் ஜப்பானின் ஃபுஜி நிறுவனம் அந்த வகை மூலக்கூறுகளைப் பூசிய மெல்லிய படலத்தைத் திரைகளில் ஒட்டியது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் நிறம் கலைந்துபோகும் குறையைக் குறைக்கிற படலம் அது. அலுவலகக் கணினித் திரையைச் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அவர்கள் அறியாமலே பெங்களூரின் உதவி கிடைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் கூடப் படக்குழாய்ப் பெட்டிகளே. அதற்குச் சில ஆண்டுகளுக்குள் கடைகளில் தட்டைத் திரை நிறைந்தது. பெட்டியில் எல்.சி.டி. என்று எழுதியிருந்தது. சரியான பெயர். திரவப் படிகக் காட்சித் திரை என்பதன் சுருக்கம்.

அந்தத் திரைக்குப் பின்னால் ஒளிக்காகக் குழல்விளக்கின் மெலிந்த தம்பிகளான பாதரச விளக்குகள் இருந்தன. அவற்றுக்குப் பதில் எல்.இ.டி. விளக்குகளை வைக்கும் வேலை மெல்ல நடந்தது. சோனி 2004-இல் ஒரு விலையுயர்ந்த மாதிரியில் அப்படிச் செய்தது. இது நல்ல முன்னேற்றம், அதை நான் குறைக்கவில்லை. பாதரசம் போனது, மின்செலவு இறங்கியது, பெட்டி மெலிந்தது. நீல எல்.இ.டி.யைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது பொருத்தமே. அந்த நீல ஒளியில்லாமல் வெள்ளை எல்.இ.டி. இல்லை.

ஆனால் 2009-இல் சாம்சங் இந்தப் பெட்டிகளை ‘எல்.இ.டி. டி.வி.’ என்று விற்கத் தொடங்கியது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. மாறியது பின்விளக்கு மட்டும். படம் வரைவது அதே திரவப் படிகம், அதே கண்ணாடி, அதே போலரைசர். கடைக்குப் போனவர் எல்.சி.டி. பழைய சரக்கு, எல்.இ.டி. புதுச் சரக்கு என்று இரண்டு வேறு இனமாக நினைத்தார். வீட்டில் விருந்தாளி வந்தால் ‘இது எல்.சி.டி. இல்லை, எல்.இ.டி.’ என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் மீது குற்றமில்லை. அப்படித்தான் அவர்களுக்குச் சொல்லி விற்கப்பட்டது.

எண்ணிக்கை பார்த்தால் அளவு புரியும். ஒரு 4கே திரையில் 3,840-க்கு 2,160 என்ற கணக்கில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று. ஆக இரண்டரைக் கோடிக்குச் சற்றுக் குறைவான திரவப் படிக வாசல்கள், ஒவ்வொன்றும் விநாடிக்குப் பலமுறை தன் நிலையை மாற்றிக்கொள்கின்றன. விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் எல்.இ.டி.கள் சில டஜன். இரண்டரைக் கோடி வாசல்கள் செய்யும் வேலைக்குச் சில டஜன் விளக்குகளின் பெயர்.

உண்மையான எல்.இ.டி. திரையைத் தமிழ்நாட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கல்யாண மண்டப மேடையில் பின்சுவராக நிற்பது, மாநாட்டுத் திடலில் கடைசி வரிசைக்காரருக்குத் தலைவரைப் பெரிதாகக் காட்டுவது, கிரிக்கெட் மைதானத்தில் ஸ்கோர் சொல்வது. கிட்டே போனால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிற எல்.இ.டி., நடுவில் திரவப் படிகம் கிடையாது. பட்டப்பகலிலும் தெரிவதற்குக் காரணம் அதுதான். மண்டபத்துக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் ‘எல்.இ.டி. வால்’ என்று சொல்வது பிழையில்லாத சொல். பன்னாட்டு நிறுவனத்தின் விளம்பரத்தைவிட மண்டபத்துக்காரரின் பேச்சு துல்லியமாக இருக்கிறது.

எதிர்ப்பு எழாமல் இல்லை. பிரிட்டனில் விளம்பரத் தர ஆணையத்திடம் விவகாரம் போனது. எல்.இ.டி. டி.வி. என்ற பெயரை அது தடுக்கவில்லை. விளம்பரத்தில் அது என்ன என்று விளக்க வேண்டும் என்றது. அரைகுறைத் தீர்ப்பு என்பேன். பெரிய எழுத்தில் பெயரும் சிறிய எழுத்தில் விளக்கமும் என்றால், வாங்குகிறவர் மனத்தில் தங்குவது பெரிய எழுத்துதான்.

அதன் விளைவு அடுத்த சுற்றில் தெரிந்தது. 1987-இல் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் கரிமப் பொருளே ஒளிரும் எல்.இ.டி.யைப் பற்றி எழுதினார்கள். அதிலிருந்து வளர்ந்த ஓ.எல்.இ.டி. திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், பின்விளக்கே வேண்டாம். 2013-இல் எல்.ஜி. 55 அங்குல ஓ.எல்.இ.டி. டி.வி.யை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2017-இல் சாம்சங் ‘கியூ.எல்.இ.டி.’ என்ற பெயரோடு வந்தது. வட்டத்துக்குக் கீழே ஒரு வால், அவ்வளவுதான் எழுத்தில் வித்தியாசம். உள்ளே மறுபடியும் திரவப் படிகம், பின்னால் எல்.இ.டி., இடையில் குவாண்டம் புள்ளிகள் பதித்த படலம். அந்தப் புள்ளிகள் நீல ஒளியை வாங்கிச் சுத்தமான சிவப்பும் பச்சையும் தருகின்றன. நிறம் மேம்படுவது உண்மை. குவாண்டம் புள்ளிகளைக் கண்டவர்களுக்கு 2023-இல் வேதியியல் நோபலே கிடைத்தது.

ஆனால் ஆய்வாளர்கள் கியூ.எல்.இ.டி. என்ற சொல்லை அதற்கு முன்பே வேறொன்றுக்கு வைத்திருந்தார்கள். மின்சாரம் கொடுத்தால் குவாண்டம் புள்ளி தானே எரிகிற எல்.இ.டி.க்கு அது பெயர். அந்தத் திரை என்றாவது கடைக்கு வரும்போது அதற்குச் சொந்தப் பெயர் மிச்சமிருக்காது. எல்.ஜி. நிறுவனம் 2019-இல் தென்கொரிய வணிக ஆணையத்திடம் இந்தப் பெயரை எதிர்த்துப் புகார் கொடுத்தது. சாம்சங் பதில் புகார் கொடுத்தது. 2020-இல் இருவரும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சற்றுப் பொறுத்து எல்.ஜி.யே தன் திரவப் படிகப் பெட்டிக்கு ‘கியூ.என்.இ.டி.’ என்று பெயர் சூட்டியது. ஹைசென்ஸ் ‘யு.எல்.இ.டி.’ என்றது. இவை எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது ரைனிட்சரின் கலங்கல் திரவத்தின் வம்சம். பெட்டியின் முகப்பில் அதற்கு ஓரெழுத்துகூட இல்லை.

மனிதர்களின் வேலைப் பெயர்களுக்கும் இதே கதி நேர்ந்துகொண்டிருக்கிறது. விற்பனையாளர் சட்டையில் ‘எக்ஸ்பர்ட்’ என்று பட்டை தொங்குகிறது. மென்பொருள் நிறுவனங்களில் ‘சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட்’ இருக்கிறார். இந்தியாவில் ஆர்க்கிடெக்ட் என்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்பட்ட சொல் என்பது பலருக்குத் தெரியாது. நொய்டா நிர்வாகம் பதிவு பெறாதவர்களும் வரக்கூடிய பதவிக்கு ‘அசோசியேட் ஆர்க்கிடெக்ட்’ என்று பெயர் வைத்த வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அந்த வேலைகளைச் செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை, ஆனால் அந்தச் சட்டப்படி அமைந்த கவுன்சிலில் பதிவு பெறாதவர் அந்தப் பெயரைத் தாங்கக் கூடாது. நம் மாநிலத்தில் ‘வயர்மேன்’ என்பதற்குக்கூடத் தகுதிச் சான்றிதழ் உண்டு. மின்கம்பியைத் தொடுகிறவரின் பெயர் பொய்யானால் உயிர் போகும் என்பதால் அங்கே சொல்லுக்குக் காவல் போட்டார்கள்.

உணவிலும் நாம் இதைச் செய்திருக்கிறோம். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்தால் அதை ஐஸ்கிரீம் என்று விற்க முடியாது, ‘ஃபுரோசன் டெசர்ட்’ என்றுதான் எழுத வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. இருபது ரூபாய்க் கோப்பைக்கு இருக்கும் இந்த நேர்மை, நடுத்தரக் குடும்பம் தவணையில் வாங்கும் நாற்பதாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு ஏன் வேண்டாம்? தவறான விளம்பரங்களைக் கேட்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய ஆணையமே இருக்கிறது. படத்தை உண்டாக்குவது எது, ஒளி தருவது எது என்ற இரண்டையும் முகப்பில் ஒரே அளவு எழுத்தில் எழுதச் சொன்னால் போதும். ‘எல்.சி.டி. திரை, எல்.இ.டி. பின்விளக்கு’ என்று ஒரே வரியில் உண்மை முழுவதும் அடங்கிவிடுகிறது.

பெயர் எதுவானால் என்ன, படம் தெரிந்தால் சரி என்று கேட்பவர்கள் உண்டு. பெட்டி பழுதாகும் நாளில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். சத்தம் வருகிறது, திரை இருட்டு. ‘எல்.இ.டி. போச்சு’ என்கிறார் பழுது பார்க்க வந்தவர். தன் டி.வி.யின் பெயரே எல்.இ.டி. என்று நம்புகிறவர் டி.வி.யே போனதாக நினைத்துப் புதிது வாங்கப் புறப்படுகிறார். போனது பல நேரம் பின்விளக்கின் ஒரு பட்டை, கடைக்காரர்கள் ‘ஸ்ட்ரிப்’ என்று சொல்வது. வரிசையில் ஒரு எல்.இ.டி. எரிந்துபோனால் அந்தப் பட்டை முழுவதும் அணையும், பல பெட்டிகளில் பின்விளக்கே நின்றுவிடும். அல்லது அதற்கு மின்சாரம் தரும் பலகை பழுது. இரண்டுமே பேனல் எனப்படும் திரவப் படிகத் திரையை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் சிறிது. பேனல்தான் பெட்டியிலேயே விலை கூடிய உறுப்பு, அது உடைந்தால் புதிது வாங்குவதே மேல். எது போனது என்று தெரிந்துகொள்ள, தான் வைத்திருப்பது என்ன என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவைத்தான் தவறான பெயர் பறித்துக்கொள்கிறது. இன்னும் சில ஆண்டு உழைக்கக்கூடிய திரைகள் குப்பைக்குப் போவதில் அதற்கும் பங்கு உண்டு.

ஆகவே உங்கள் வீட்டு டி.வி.யில் குரல் மட்டும் கேட்டுத் திரை இருண்டிருந்தால், பழைய விலைக்குத் தள்ளிவிடுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் திரவப் படிகம் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம், உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். ‘பேனல் நன்றாக இருக்கிறது, பேக்லைட்டையும் அதன் சப்ளையையும் பாருங்கள்’ என்று பழுது பார்ப்பவரிடம் சொல்லுங்கள். புதிது வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், கடையில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்: இதில் புள்ளிகள் தாமே எரிகின்றனவா, பின்னால் விளக்கு இருக்கிறதா?